குச்சி வரவில்லை

அத்தியாயம் 14

மின்விசிறிச் சண்டை முடிந்து இன்றோடு நான்கு நாள். முடிந்தது என்றா சொன்னேன்? வாய்ச்சண்டை முடிந்தது. மனதுக்குள் இன்னும் நடக்கிறது.

போன வாரம் படிக்காதவர்களுக்கு இரண்டே வரி. அண்ணன் தம்பி இருவர், அவர்கள் மனைவிகள் இருவர், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. மனைவிகள் இருவருக்கும் ஒரே சாலையில் ஒரே வேலை. சின்னவள் இருமுகிறாள் என்று அவள் அறைக்கு ஒரு புது மின்விசிறி வந்தது, பெரியவள் அறைக்கு வரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காலை ஆறு மணி. பெரியவள் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது சமையலறை வாசலில் அவள் கணவன் டீ டம்ளரோடு நின்றிருந்தான். உள்ளே அடுப்புக்கு முன்னால் சின்னவள்.

அவன் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். மெதுவாகப் பேச அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது பெரியவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரி, நான் எதுவும் சொல்லல. நீயே பாத்துக்க."

சின்னவள் ஏதோ பதில் சொன்னாள். உதடு அசைந்தது, கரண்டி பிடித்த கை அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அவகிட்ட யாரு வாயக் குடுக்கறது? எரிஞ்சு விழுவா," என்றான் அவன்.

மறுபடியும் அந்த உதடு அசைந்தது. அவன் சிரித்தான்.

பெரியவள் நெருங்கி வந்தாள். தன் புருஷன், தன் வீடு, தன் சமையலறை. அதில் தனக்குக் கேட்காமல் ஒரு ரகசியம், அதற்கு ஒரு சிரிப்பு வேறு.

"என்ன, காலங்காத்தால மாநாடா?"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"நான் வந்தா மட்டும் பேச்சு நின்னு போயிடுதே. நடத்துங்க, நடத்துங்க."

"ஏன் இப்படிக் கத்தற? பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்," என்றான் கணவன்.

"நான் கத்தறேனா? இந்த வீட்டுல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசிக்குவீங்க. நான் சாதாரணமா ஒரு வார்த்தை பேசினா அது கத்தலாப் போயிடுது!"

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். புறங்கையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். மூன்று தடவை சின்னதாக, நான்காவது நீளமாக. உடனே ஒரு டம்ளர் தண்ணீர் அவளை நோக்கி நீண்டது. நீட்டியது அவள் கணவன் இல்லை. அவன் வெளியூர் வேலைக்குப் போய் ஒரு மாதமாகிறது. நீட்டியது இவள் கணவன்.

'வந்துட்டுது, நாடக இருமல்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பெரியவள் தன் சாப்பாட்டு டப்பாவை நறுக்கென்று மூடினாள். 'ஒரு கேள்வி கேட்டா போதும், மகாராணிக்கு இருமல் வந்துடும்.'

இதற்குப் பொறாமை என்று பேர் வைத்தால் பெரியவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். நியாயம் என்பாள். ஒன்பது வருஷமாக வெயிலிலும் புகையிலும் சாலை நடுவே நின்று வண்டியை நிறுத்தியவள் அவள். அவள் ஊதும் விசிலுக்குப் பெரிய பெரிய லாரியெல்லாம் அடங்கி நிற்கும். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பேர் விசிலக்கா. சின்னவள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து அவள் பேச்சைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் திங்கட்கிழமை இன்ஜினியர் வந்து அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

கண்காணிப்பு அறையில் ஒரு நாற்காலி காலியாகிறதாம். ஏசி அறை, கண்ணாடி போட்ட சன்னல், திரையில் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. வெள்ளிக்கிழமை மருத்துவ வேன் வரும். காதையும் மூச்சையும் சோதிப்பார்கள். யாரைச் சாலையில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதுகிறாரோ, அந்த ஆள் அன்றைக்கே ஐந்து மணிக்குள் அந்தச் சீட்டை இன்ஜினியரிடம் கொடுக்க வேண்டும். அவருக்கு அந்த இடம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

*

சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு வரிசை வண்டிதான் போக முடியும். அறுநூறு மீட்டர் தூரம், நடுவில் ஒரு வளைவு. இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. மேல் முனையில் பெரியவள், கீழ் முனையில் சின்னவள். இருவர் கையிலும் ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'செல்' என்று எழுதிய பலகை.

முன்பெல்லாம் வாக்கி டாக்கியில் பேசி, முறை வைத்து வண்டி விடுவார்கள். மூன்று மாதமாகக் குச்சி; வாக்கி டாக்கி அவசரத்துக்கு மட்டும் தோளில் தொங்கும்.

முழ நீளம், சிவப்புச் சாயம் பூசிய மரக்குச்சி. அது யார் கையில் இருக்கிறதோ அவள்தான் வண்டி விடலாம். விட்டு முடித்ததும் கடைசி வண்டிக்காரரிடம் குச்சியைக் கொடுக்க வேண்டும். அவர் அதை அந்த முனையில் நிற்பவளிடம் சேர்ப்பார். பிறகு அவள் முறை. குச்சி கைக்கு வராமல் ஒரு சைக்கிளைக்கூட உள்ளே விடக்கூடாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைச் சொன்னது சின்னவள். பத்துப் பேர் நிற்கும்போது இன்ஜினியரிடம் போய், "சார், வாக்கி டாக்கிக்குப் பதிலா ஒரு குச்சி வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். "அட, நல்ல யோசனையா இருக்கே!" என்று அவரும் உச்சி குளிர்ந்தார். ஒன்பது வருஷத்தில் பெரியவளை ஒருத்தரும் யோசனை கேட்டதில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டவளுக்கு நல்ல பேர். அவள் அனுப்பும் குச்சிக்காகக் காத்து நிற்கும் வேலை இவளுக்கு.

"உங்க தங்கச்சி குடுத்தாங்க," என்று குச்சியை நீட்டினார் அன்றைய முதல் ஓட்டுநர்.

"அது என் தங்கச்சி இல்ல," என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்குள் மூக்கில் கட்டியிருந்த துண்டு கறுத்துவிட்டது. நிற்கிற லாரிகள் எஞ்சினை அணைப்பதில்லை. புகைக்குழாய் நேராக முகத்தைப் பார்த்து ஊதும். கண் எரியும். தொண்டையில் எந்நேரமும் தார் வாசனை. பின்னால் நிற்பவன் பொறுமையில்லாமல் ஏர் ஹாரனை அழுத்தினால் பல்லெல்லாம் கூசும். அது ஓய்ந்த பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனாலும் ஓடும். பெரியவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டாள்.

சின்னவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த முகமூடி. அவள் புருஷன் வாங்கிக் கொடுத்தது. தன் புருஷன் தனக்கு வாங்கிக் கொடுத்தது இந்தத் துண்டு.

மருத்துவ வேன் மேல் முனைக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நின்றது. மாற்று ஆள் வந்ததும் முதலில் சின்னவள் கீழிருந்து நடந்து வந்தாள். அறுநூறு மீட்டருக்கு மூன்று இடத்தில் நின்று நின்று வந்தாள். பெரியவள் அதைப் பார்த்தாள். 'அன்ன நடை நடக்கறா, டாக்டர் பாக்கணும்னு' என்று நினைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சின்னவள் வேனிலிருந்து இறங்கினாள். பெரியவள் பக்கம் வந்து நின்று, முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள் போலிருந்தது. முகமூடி லேசாக ஏறி இறங்கியது. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலை ஊதினாள். சின்னவள் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு கீழே நடந்தாள்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவளின் முறை.

முதலில் குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினாள். அதில் பெரிய குறையில்லை என்றார்கள். பிறகு அலமாரி மாதிரி ஒரு சின்னப் பெட்டி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.

கதவைச் சாத்தியதும் அவளுக்குத் தலை சுற்றியது. இத்தனை அமைதியை அவள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அந்த அமைதியில் அவள் காதின் 'கொய்ங்' மட்டும் கொக்கரித்தது.

இடது காதில் 'பீப்' என்றது. அமுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அமுக்கினாள். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. சரி, அடுத்து வலது காதுக்கு மாற்றப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். "முடிஞ்சுதும்மா. வாங்க."

"வலது காது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

டாக்டரம்மா அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் இடது பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"ஆரம்பிச்சு முடிச்சாச்சு. உங்க வலது காது ரொம்பப் போயிருக்கும்மா. இடதும் குறைய ஆரம்பிச்சிருக்கு. எல்லாம் இந்த ஹாரன் சத்தந்தான். தடிச்ச குரல், ஆம்பளைங்க பேசறது, எஞ்சின் சத்தம் இதெல்லாம் கேக்கும். மெல்லிய குரல், பொம்பளைங்க பேசறது, அதான் முதல்ல போகும்."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது டாக்டர். வீட்டுலதான் எல்லாரும் மெதுவா பேசறாங்க."

"எத்தனை நாளா மெதுவா பேசறாங்க?"

"ரெண்டு வருஷமா," என்றாள் பெரியவள். சின்னவள் வந்ததிலிருந்து என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா சீட்டு எழுதினார். 'காது கேட்கும் திறன் குறைவு. உள்வேலை தருவது நல்லது.' கையெழுத்து, தேதி.

பெரியவளுக்கு உடம்பெல்லாம் ஜில்லென்றது. காது போன துக்கம் அப்போது எட்டவே இல்லை. ஏசி அறை, கண்ணாடிச் சன்னல், நாற்காலி! படியில் இறங்கும்போது உதவியாள் ஓடி வந்து இன்னொரு சீட்டை நீட்டினான்.

"காலைல வந்தவங்களோடது. இப்பத்தான் டாக்டர் எழுதினாங்க. ரெண்டு பேரும் ஒரே வீடாமே? அவங்ககிட்ட குடுத்துடுங்க. ரொம்ப முக்கியம்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

ஆளுக்கொரு சீட்டு. இருப்பது ஒரு நாற்காலி.

வேனின் மறுபக்கம் போய் நின்று அதைப் பிரித்தாள். பிரிக்கக்கூடாதுதான். பிரித்தாள்.

மேலே அச்சில் தேதி, நேரம்: பிற்பகல் 2.10. கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து. 'நுரையீரல் திறன் ஐம்பத்தெட்டு சதவீதம். புகை, தூசி அறவே கூடாது. சாலைப் பணியிலிருந்து உடனடியாக விலக்க வேண்டும்.'

'உடனடியாக' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

தன் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் ஒரு கோடும் இல்லை. சீட்டில்கூட அவளுக்குத்தான் அடிக்கோடு!

'வேணும்னே மெதுவா ஊதியிருப்பா' என்று தோன்றியது அவளுக்கு. 'இருமிக் காட்டினவளுக்கு ஊதிக் காட்டத் தெரியாதா?' இந்த நினைப்பு வந்ததும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. எனவே அதையே பிடித்துக்கொண்டாள்.

*

குச்சி அவள் கையில் இருந்தது. சீட்டைச் சுருட்டிக் குச்சியில் வைத்து ரப்பர் பேண்டு போட்டாள். கடைசி வண்டி ஒரு வெள்ளைக் கார். கண்ணாடியை இறக்கி ஓட்டுநர் கையை நீட்டினார்.

கொடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம்." ரப்பர் பேண்டைக் கழற்றி, சீட்டை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துவிட்டு, வெறும் குச்சியைக் கொடுத்தாள்.

கொடுக்க மாட்டேன் என்று அவள் முடிவெடுக்கவில்லை. அடுத்த குச்சியோடு அனுப்பலாம். யாரோ ஒரு கார்க்காரனை நம்பி இவ்வளவு முக்கியமான சீட்டை எப்படிக் கொடுப்பது?

அடுத்த குச்சிக்குக் கடைசி வண்டி ஒரு பைக். பறந்துவிடும் என்று வைத்துக்கொண்டாள். அதற்கடுத்தது ஒரு டேங்கர். ஓட்டுநர் மூஞ்சி சரியில்லை. நான்காவது குச்சிக்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் காரணம் தேவைப்படவும் இல்லை. மணி மூன்றரை. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டால் சீட்டு வெறும் காகிதம். 'வேலை மும்முரத்துல மறந்தே போச்சு' என்று சொல்லிவிடலாம். சின்னவளோடுதான் பேச்சுவார்த்தையே இல்லையே!

தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். திரையில் கீழ் முனை தெரியும். அதில் முகமூடி போட்டுக்கொண்டு சின்னவள் நிற்பாள், சின்னதாக, எறும்பு மாதிரி. நினைக்க நினைக்க இனித்தது.

நாலே கால் மணிக்கு வெறும் குச்சியை ஒரு பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். 'நில்' பலகையைத் திருப்பிப் பிடித்தாள். காத்திருந்தாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

குச்சி வரவில்லை. கீழேயிருந்து வண்டிகளும் வரவில்லை.

இந்தப் பக்கம் வண்டிகள் அடைந்துகொண்டு நின்றன. ஹாரன் மேல் ஹாரன். முன்னால் நின்ற லாரிக்காரர் தலையை நீட்டினார். "விசிலக்கா, என்ன தூங்கிட்டாங்களா அந்தப் பக்கம்? விடுங்க, நான் மெதுவா போய்க்கறேன்."

"குச்சி வராம ஒரு சக்கரம் உருளக்கூடாது!"

சொல்லிவிட்டு வளைவைப் பார்த்தாள். 'வேணும்னே பண்றா. காலைல நான் மூஞ்சியத் திருப்பினதுக்குப் பழி வாங்கறா.'

அப்போது வளைவிலிருந்து ஒரு குட்டி வேன் தனியாக வந்தது. குச்சியில்லாமல், முறையில்லாமல். வந்தவன் அவள் பக்கத்தில் நிறுத்திப் பின்னால் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினான். சுற்றிலும் இருந்த ஹாரன் சத்தத்தில் அவளுக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. ஆனால் அவன் கை சொன்னது புரிந்தது. நெஞ்சைப் பிடித்துக் காட்டினான். பிறகு இறங்கித் தரையில் உட்கார்ந்து காட்டினான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"லாரிய குறுக்க போடு! நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் நகரக்கூடாது!" என்று லாரிக்காரரிடம் பலகையைத் திணித்துவிட்டு ஓடினாள். புறப்படத் தயாராக இருந்த மருத்துவ வேனின் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

*

சின்னவள் கான்கிரீட் தடுப்பில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கிப் போட்டது. இரண்டு கையாலும் குச்சியை மார்போடு பிடித்திருந்தாள். நான்கைந்து ஓட்டுநர்கள் சுற்றி நின்றார்கள்.

"குடுங்க நான் கொண்டு போறேன்னு எவ்வளவோ கேட்டோம்," என்றார் பால் வண்டிக்காரர். "தர மாட்டேங்கறாங்க. ஒருத்தன் மட்டும் புகுந்து போயிட்டான்."

டாக்டரம்மா மூச்சுக்கருவியை மாட்டினார். "எல்லா வண்டியையும் அணைக்கச் சொல்லுங்க. முதல்ல இந்தப் புகை நிக்கணும்."

பெரியவள் விசிலை ஊதினாள். நீளமாக, ஒன்பது வருஷத்து மூச்சையும் கூட்டி. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்தச் சாலையில் அப்படி ஓர் அமைதி எப்போதும் இருந்ததில்லை.

சின்னவளின் தோள் மெல்ல மெல்ல அடங்கியது. பெரியவள் இடது காது அவள் பக்கம் இருக்கும்படி அருகே குந்தினாள். நான்கு நாள் பேசாத வாய் திட்டிக்கொண்டுதான் திறந்தது.

"ஏம்மா, இவ்வளவு முடியலன்னா வாக்கி டாக்கில ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?"

சின்னவள் கருவியை ஒதுக்கினாள். "கூப்பிட்டேன்க்கா. ஆறு தடவை."

பெரியவளின் கை தன்னையறியாமல் வலது தோளுக்குப் போனது. வாக்கி டாக்கி அங்கேதான் தொங்கியது. அதன் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"குச்சிய எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க?" என்றாள் சின்னவள். நடுநடுவே மூச்சு வாங்கியது.

"இன்ஜினியர்கிட்ட நல்ல பேர் வாங்க."

"மூணு மாசத்துக்கு முன்னாடி வாக்கி டாக்கில வண்டிய அனுப்பாதீங்க, அனுப்பாதீங்கன்னு கத்தறேன். நீங்க பாட்டுக்கு அனுப்பிட்டீங்க. எதிர்ல தார் லாரி. ஒரு சாண்ல தப்பிச்சேன். உங்களுக்குக் காது கேக்கலன்னு சார்கிட்ட சொன்னா உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் குச்சி கேட்டேன்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "பாசத்துலன்னு நெனச்சுக்காதீங்க. இன்னொரு லாரிய என் மேல விட்டுடுவீங்களேன்னு பயம்."

பெரியவளின் பார்வை சின்னவளின் மடிக்குப் போனது. மூன்று மாதமாக வெறுப்போடு வாங்கி வெறுப்போடு அனுப்பிய குச்சி அங்கேதான் கிடந்தது.

"காலைல என் புருஷன்கிட்ட குசுகுசுன்னு..."

"யாரு குசுகுசுன்னு பேசினா? அக்காவ இன்னிக்கு டாக்டர்கிட்ட காதை நல்லா காட்டச் சொல்லுங்க மாமான்னு சொன்னேன். நீயே பாத்துக்கன்னாரு. வேன்லேருந்து வந்ததும் சொன்னேனே? நீங்க விசில ஊதினீங்க. நான் எப்பவும் பேசற மாதிரிதான்க்கா பேசறேன்."

மெல்லிய குரல், பொம்பளைங்க பேசறது, அதான் முதல்ல போகும்.

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் ரகசியம் பேசவில்லை. பெரியவளுக்கு முகமெல்லாம் கூசியது. எத்தனை சிரிப்பு, எத்தனை உதட்டசைவு, எல்லாவற்றுக்கும் தானே ஒரு பேச்சை எழுதி, தானே அதற்கு எரிந்திருக்கிறாள்!

ஆனாலும் பாருங்கள், மனசு லேசில் திருந்துகிற வஸ்து இல்லை. அந்த நேரத்திலும் ஒரு மூலையில் புகைந்தது: இதிலும் நல்லவள் என்று பேர் வாங்கிவிட்டாளே!

"என் சீட்டு வந்துச்சாக்கா?" என்றாள் சின்னவள். "மத்தியானம் உங்ககிட்ட குடுத்தனுப்பறேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. குச்சி வரும்போதெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பெரியவள் உள்பையில் கையை விட்டாள். இரண்டு சீட்டும் வியர்வையில் ஒட்டிப்போயிருந்தன. பிரித்து ஒன்றை எடுத்து நீட்டினாள். சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட தடம் அதில் அப்படியே இருந்தது.

சின்னவள் மேலிருந்து படித்தாள். தேதி. நேரம். அந்த இடத்திலேயே அவள் கண் நின்றது. பிறகு பெரியவளின் மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரத்தில் நாலே முக்கால்.

ரப்பர் பேண்டின் தடத்தை ஒரு விரலால் தடவினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பைக்கில் இன்ஜினியர் வந்து இறங்கினார். "என்னாச்சு? ரெண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு வண்டி நிக்குது!"

பெரியவள் சின்னவளின் கையிலிருந்து சீட்டை வாங்கினாள். தன் சீட்டை அதற்கு அடியில் வைத்து, இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

"இருக்கறது ஒரு நாற்காலிதானேம்மா," என்றார் அவர், இரண்டு சீட்டையும் பார்த்து.

"மேல இருக்கறத முதல்ல படிங்க சார்." அந்த ஏசி அறை, கண்ணாடிச் சன்னல், எல்லாம் கண்ணெதிரே தூரமாகப் போய்க்கொண்டிருந்தன. வலித்தது. "கீழ இருக்கறதையும் படிங்க. எனக்குக் காது கேக்காதுன்னு அதுல எழுதியிருக்கு. இனிமே குச்சி இல்லாம என்னை நிறுத்தாதீங்க."

டாக்டரம்மாவும் உதவியாளும் சின்னவளைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். போகும்போது அவள் குச்சியைப் பெரியவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்தப்பட்டது.

இன்ஜினியர் கையைக் காட்டினார். நின்றிருந்த வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. எஞ்சின்கள், ஹாரன்கள், புகை. வேன் ஓரமாக ஒதுங்கி நகர ஆரம்பித்தது.

சன்னல் கண்ணாடி பாதி இறங்கியது. சின்னவள் மூச்சுக்கருவியை விலக்கிக்கொண்டு பெரியவளைப் பார்த்துப் பேசினாள். சின்னதாக இல்லை, நீளமாக. நடுவில் ஒரு தடவை விரலைத் தூக்கிக் காட்டினாள். அது மன்னிப்பா, சாபமா, வீட்டில் யாரிடம் என்ன சொல்லப் போகிறாள் என்பதா, தெரியவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

வழக்கம்போல் அந்த உதட்டசைவுக்கு ஒரு பேச்சை எழுதிக்கொள்ள பெரியவளின் மனசு தயாராகத்தான் இருந்தது. அவள் அதை எழுத விடவில்லை. குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வேனோடு ஓடினாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளிடம் சொல்லாததைச் சாலை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"எனக்குக் கேக்கலம்மா! கேக்கல! இன்னொரு தடவை சொல்லு!"

சின்னவள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடி மெல்ல மேலே ஏறியது.